பத்தாயிரம் கட்டினால் லைசென்ஸ் திரும்பி வருமா?

கோவையில் சொந்தக் கார் வைத்து கால் டாக்ஸி ஓட்டும் 34 வயது வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. பெயரும் அடையாளங்களும் நீக்கப்பட்டுள்ளன.

“ஒரு சனிக்கிழமை இரவு நண்பர் வீட்டு வரவேற்பில் ரெண்டு பீர் குடித்துவிட்டு பைக்கில் திரும்பினேன். வழியில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். மெஷினில் 62 என்று வந்தது. பைக்கையும் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். கோர்ட்டில் பத்தாயிரம் கட்ட வேண்டியிருக்கும் என்றார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, திண்டுக்கல் பக்கம் ஊரில் இருக்கும் அண்ணன் ஒரு நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பினார். உங்கள் உரிமத்தை ஏன் தற்காலிகமாகத் தகுதி நீக்கம் செய்யக் கூடாது, ஏழு நாளில் விளக்கம் தரவும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகம் கேட்டிருக்கிறது. தெரிந்த புரோக்கர் ஒருவர், ‘ஃபைன் கட்டினால் எல்லாம் முடிந்தது, நோட்டீஸைக் கண்டுகொள்ளாதே. சஸ்பெண்ட் ஆனாலும் பைக்குக்கு மட்டும்தான். அவசரமென்றால் தொலைந்துபோச்சு என்று எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கலாம்’ என்கிறார். போலீஸ் கொடுத்த சீட்டையும் டிஜிலாக்கர் காப்பியையும் வைத்துக்கொண்டு இப்போதும் டிரிப் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கார் டியூ இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. வீட்டில் அம்மா, மனைவி, ரெண்டு பிள்ளைகள். நான் என்ன செய்ய வேண்டும்?”

நண்பரே, உங்கள் கடிதத்தில் என்னை முதலில் பதறவைத்தது அந்த 62 அல்ல. “இப்போதும் டிரிப் எடுத்துக்கொண்டிருக்கிறேன்” என்ற வரிதான். மற்றதையெல்லாம் சட்டப்படி பேசிச் சமாளிக்க வழி இருக்கிறது. இதற்கு இல்லை. ஆகவே இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, செயலியில் உங்கள் டிரைவர் ஐடியை ஆஃப்லைனில் போடுவது.

போலீஸ் கொடுத்த சீட்டு எதற்கு, எதற்கு அல்ல

மோட்டார் வாகனச் சட்டத்தின் 206-ஆவது பிரிவில் ஒப்புகைச் சீட்டு இரண்டு வகை. சம்மனுக்கு வராமல் போய்விடுவார் என்ற சந்தேகத்தில் லைசென்ஸை எடுத்தால் தருவது ஒரு வகை. அதை வைத்து, அதில் குறித்த தேதி வரை வண்டி ஓட்டலாம். புரோக்கர்கள் மனதில் இருப்பது இந்தப் பழைய சீட்டு. 2019 திருத்தம் 206(4) என்ற புது உட்பிரிவைச் சேர்த்தது. அதிவேகம், ஆபத்தாக ஓட்டுதல், போதையில் ஓட்டுதல், ஹெல்மெட் இல்லாமை, டூவீலரில் மூன்று பேர், ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமை போன்ற குற்றங்களில் லைசென்ஸைக் கைப்பற்றி, நடவடிக்கைக்காக நேரே உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அதற்குத் தரும் சீட்டு ஓட்டுவதற்கு அனுமதி ஆகாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உங்களுடையது இந்த இரண்டாவது வகை. ஆர்.டி.ஓ. நோட்டீஸ் வந்திருப்பதே அதற்குச் சாட்சி.

டிஜிலாக்கர் நகல் அசலுக்குச் சமம்தான், ஆனால் அசலுக்கு உயிர் இருக்கும்வரைதான். உரிமத்தின் நிலை ‘சாரதி’ தரவுத்தளத்தில் பதிவாகிறது. சோதனை செய்யும் அதிகாரி உங்கள் எண்ணைத் தட்டினால் அங்கே இருப்பதுதான் அவருக்குத் தெரியும், உங்கள் போனில் இருக்கும் படம் அல்ல.

தகுதி நீக்க ஆணை வரும் முன்பே இப்படி ஓட்டிப் பிடிபட்டால், செல்லத்தக்க உரிமமின்றி ஓட்டியதாக 181-ஆவது பிரிவில் 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கேட்டு வழக்குப் போட முடியும். ஆணை வந்த பிறகு ஓட்டினால் 182-ஆவது பிரிவு: 10,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸில் இருக்கிறது. ஓட்டத் தகுதியில்லாதவர் ஓட்டும்போது விபத்து நடந்தால், அடிபட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தத் தொகையை வாகன உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். உரிமையாளர் யார்? நீங்கள். சம்பாதிக்கும் வயதில் ஒருவர் இறந்தால் தொகை பல லட்சங்களில் போகும். உங்கள் காரின் சேதத்துக்கோ ஒரு பைசா வராது. மாத டியூவுக்காக இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

வண்டி ஓட வேண்டும், நீங்கள் ஓட்டக் கூடாது

டியூ நிற்கக் கூடாதென்றால் ஆக்டிங் டிரைவர் போடுங்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாகனம் என்பதால் எல்.எம்.வி. எனும் இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் டாக்ஸியும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. இன்சூரன்ஸ் நிறுவனம் அந்தக் காரணம் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அவருடைய உரிமம் இன்று உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் 180-ஆவது பிரிவில் உரிமையாளர் மீது தனி வழக்கு. இன்னொன்று: உங்கள் ஐடியிலேயே அவரை ஓட்ட விடாதீர்கள். டாக்ஸி நிறுவனத்தில் அவர் பெயரில் தனியாகப் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் பதிவேட்டின்படி ஓட்டிக்கொண்டிருப்பவர் நீங்கள்தான்.

அபராதம் ஒரு வழக்கு, லைசென்ஸ் இன்னொரு வழக்கு

புரோக்கர் சொன்னதில் அடிப்படைத் தவறு, இதை ஒரே விவகாரமாகப் பார்ப்பது. ஹெல்மெட் அபராதம் போல இதை அதிகாரியிடமோ இணையத்திலோ பணம் கட்டித் தீர்த்துக்கொள்ள முடியாது. இணக்கக் கட்டணம் செலுத்தி முடிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியல் 200-ஆவது பிரிவில் இருக்கிறது. அதில் 185, அதாவது போதையில் ஓட்டுவது, இல்லை. நீதிமன்றம்தான் ஒரே வழி. முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும்.

நீதிமன்றத்தில் “ஒப்புக்கொள்கிறேன்” என்று சொல்லிப் பணம் கட்டுவது, பெயர் என்னவானாலும், குற்றத்தீர்ப்பு. அந்தத் தீர்ப்போடு 20-ஆவது பிரிவு தானாக உள்ளே வருகிறது: 185-இல் தண்டனை பெற்றவரை நீதிமன்றம் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஓட்டும் தகுதியிலிருந்து நீக்கியே ஆக வேண்டும். சில குற்றங்களுக்குத் தனிக் காரணம் எழுதி விலக்குத் தர நீதிபதிக்கு இடம் உண்டு. போதை வழக்குக்கு அந்த இடம் இல்லை.

ஆர்.டி.ஓ. நடவடிக்கை இதிலிருந்து தனி. 19(1ஏ) பிரிவின்படி, உங்கள் தரப்பைக் கேட்ட பிறகு, அவர் உங்களை விடுவிக்கலாம். அல்லது காரணங்களை எழுத்தில் பதிவு செய்து, முதல் குற்றமென்றால் மூன்று மாதத் தகுதி நீக்கம், இரண்டாவது குற்றமென்றால் உரிமத்தையே ரத்து செய்யலாம். இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துச் சாவுகள் குறித்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த பொதுநல வழக்கில்தான் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. அதிவேகம், சிக்னல் மீறல், போதை, ஓட்டும்போது செல்போன், சரக்கு வண்டியில் அதிக பாரம், அதில் ஆள் ஏற்றுவது ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி வைக்கும்படி 2015-இல் மாநிலங்களுக்கு அந்தக் குழு அறிவுறுத்தியது. அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் இந்தக் கோப்புகளைச் சும்மா மூடிவைப்பதில்லை.

இரண்டு கடிகாரங்களையும் சேர்ந்து ஓட விடுங்கள்

உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். ஆர்.டி.ஓ.வின் மூன்று மாதம் ஒரு கடிகாரம். நீதிமன்றத்தின் ஆறு மாதம் இன்னொன்று. ஒன்றைக் கழித்து மற்றதைக் குறைக்கும் ஏற்பாடு சட்டத்தில் எழுதப்படவில்லை. ஆனால் இரண்டும் ஒரே காலத்தில் ஓடினால் பெரியதற்குள் சின்னது அடங்கிவிடும். மொத்தம் ஆறு மாதத்தோடு போகும். நீங்கள் கோர்ட்டை இழுத்தடித்து, ஆர்.டி.ஓ.வின் மூன்று மாதம் முடிந்த பிறகு தீர்ப்பு வந்தால், அதன் பின் ஆறு மாதம். ஆக ஒன்பது மாதம், நடுவில் இழுத்த காலம் வேறு. “வாய்தா வாங்கித் தள்ளிப்போடு” என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

எனவே ஒப்புக்கொள்வதா, எதிர்த்து நடத்துவதா என்பதைச் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். எதிர்த்து நடத்த நியாயமான காரணம் இருக்கிறதா என்று பார்க்க, கருவி அச்சிட்ட சீட்டை எடுங்கள். உங்கள் பெயர், வண்டி எண், தேதி, நேரம், கருவியின் எண், அளவு, உங்கள் கையெழுத்து ஆகியவை சரியாக இருக்கின்றனவா? சோதனை நேரமும் வழக்கில் எழுதிய நேரமும் ஒத்துப்போகின்றனவா? ஊதுகுழலைப் புதிதாக மாற்றினார்களா? கருவியின் அளவுத்திருத்தச் சான்று காலாவதியானதா என்று நீதிமன்றம் மூலம் கேட்கலாம். குடித்து முடித்த உடனேயோ மவுத்வாஷ் கொப்பளித்த உடனேயோ ஊதினால் வாயில் தங்கிய ஆல்கஹால் அளவைக் கூட்டிக் காட்டும். கால் மணி நேரத்தில் அது போய்விடும். இவற்றில் ஏதாவது உண்மையாகவே இருந்தால் வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஒன்றும் இல்லையென்றால், சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், உங்களுடையது 62. இரு மடங்குக்கு மேல். அதை வைத்துப் போராடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“ரெண்டு பீர்தான்” என்பதில் நீங்கள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன், கணக்கு ஒத்துவருகிறது. 650 மில்லி பாட்டில், 5 சதவீதம் என்றால் ஒரு பாட்டிலில் ஏறக்குறைய 25 கிராம் ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது ரத்த அளவைச் சுமார் 50-க்கு மேல் ஏற்றும். இரண்டுக்கு நூறைத் தாண்டும். உடல் மணிக்குச் சுமார் 15 வீதம்தான் கழிக்கும். மூன்று மணி நேரத்தில் 60 சொச்சம் மிச்சம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் ஒரே பாட்டில் போதும். விடிகாலை ஏர்போர்ட் டிரிப் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இரவு பன்னிரண்டு மணிக்கு 120-இல் இருந்தவர் நாலரை மணிக்கும் 50-ஐத் தாண்டித்தான் இருப்பார். தூங்கி எழுந்ததும் முகம் கழுவியதும் கணக்கில் வராது.

“சஸ்பெண்ட் பைக்குக்கு மட்டும்தான்”: பாதி உண்மை

புரோக்கர் சொன்னதிலேயே உருப்படியான விஷயம் இதில்தான் ஒளிந்திருக்கிறது, அவருக்கே தெரியாமல். பைக்கில் பிடிபட்டால் பைக் உரிமம் மட்டும் தானாகப் போகும், கார் உரிமம் தப்பும் என்பது தவறு. உங்களிடம் இருப்பது ஒரே உரிமம், வகைகள்தான் பல. ஆனால் 19, 20 இரண்டு பிரிவுகளுமே உரிமத்தில் உள்ள ‘எல்லா வகை வாகனங்களுக்குமோ ஏதேனும் ஒரு வகைக்கோ’ தகுதி நீக்கம் செய்யலாம் என்ற பொருளில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அதாவது டூவீலருக்கு மட்டும் என்று வரையறுக்க ஆர்.டி.ஓ.வுக்கும் நீதிபதிக்கும் அதிகாரம் உண்டு. கேட்காமல் கிடைக்காது, இரண்டு இடத்திலும் எழுத்தில் கேளுங்கள். பயணிகளை ஏற்றும் ஓட்டுநர் என்பது பிழைப்பைக் காட்டி இரக்கம் கேட்க உதவும். அதே காரணத்தால் “நாளை பயணியை ஏற்றிக்கொண்டு இப்படி ஓட்டமாட்டார் என்று என்ன உறுதி” என்று அவர்கள் மறுக்கவும் கூடும். கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஆணை கைக்கு வந்ததும் வாகன வகை என்ன எழுதியிருக்கிறது என்று சொல் சொல்லாகப் படியுங்கள். ஒன்றும் குறிப்பிடாமல் ‘உரிமம்’ என்று மட்டும் இருந்தால் எல்லாமே அடங்கும்.

நோட்டீஸுக்குப் பதில்

ஏழு நாளில் எத்தனை நாள் மிச்சம் என்று கடிதத்தில் சொல்லவில்லை. நோட்டீஸ் ஊர் முகவரிக்குப் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து எண்ணுங்கள், அண்ணன் படம் அனுப்பிய தேதியிலிருந்து அல்ல. அவகாசம் போதாவிட்டால் அதையே ஒரு வரி மனுவாக எழுதி நீட்டிப்புக் கேட்கலாம். பதில் தராவிட்டால் ‘வாய்ப்பளித்தும் விளக்கம் வரவில்லை’ என்று எழுதி ஆணை போட்டுவிடுவார்கள். மேல்முறையீட்டில் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

பதிலில் உரிம எண், வழக்கு எண், சம்பவத் தேதி, லைசென்ஸ் கைப்பற்றப்பட்ட தேதி இருக்கட்டும். எத்தனை ஆண்டாக ஓட்டுகிறீர்கள், இதற்கு முன் வழக்கோ விபத்தோ இல்லை என்பது, குடும்ப நிலை, கார் கடன் விவரம் எல்லாம் அரைப் பக்கத்தில். ஆர்.சி., பெர்மிட், கடன் அட்டவணை, ரேஷன் கார்டு நகல்களை இணையுங்கள். கடைசியில் மூன்று கோரிக்கைகள்: நேரில் விசாரணை வேண்டும், நடவடிக்கை அவசியமென்றால் டூவீலர் வகைக்கு மட்டும் வரையறுக்க வேண்டும், காலத்தை லைசென்ஸ் கைப்பற்றிய நாளிலிருந்து கணக்கிட வேண்டும். மூன்றாவது அவர்கள் விருப்பத்தைப் பொறுத்தது, கேட்பதில் நட்டமில்லை.

இங்கே பலர் இடறும் ஒரு குழி உண்டு. இரக்கம் வரட்டும் என்று ஆர்.டி.ஓ.விடம் “குடித்தது தவறுதான், மன்னிக்கவும்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் போய் “குடிக்கவே இல்லை” என்பார்கள். அந்தக் கடிதம் எதிர்த்தரப்பு கைக்குப் போகும். கோர்ட்டில் எதிர்க்கப் போகிறீர்கள் என்றால், ‘வழக்கு நிலுவையில் உள்ளது, குற்றச்சாட்டை நான் ஒப்புக்கொள்ளவில்லை’ என்ற வரி இந்தப் பதிலில் இருக்க வேண்டும். ஒப்புக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே பேச்சு.

அலுவலகத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். திண்டுக்கல் போக முடியாவிட்டால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட். இப்போது வசிக்கும் கோவை முகவரியையும் கைப்பேசி எண்ணையும் பதிலில் எழுதி, இனிக் கடிதங்களை அங்கே அனுப்பக் கேளுங்கள். அண்ணன் கண்ணில் பட்டதால் இந்த நோட்டீஸ் தப்பியது.

ஆணை பாதகமாக வந்தால், கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். விசாரணை வாய்ப்பே தராமலோ காரணம் எழுதாமலோ போட்ட ஆணை என்றால் அதை முதல் வாதமாக வையுங்கள். நீதிமன்றம் விதிக்கும் ஆறு மாதம் மேல்முறையீடு போட்டதாலேயே நிற்காது. மேல் நீதிமன்றம் தனியாகச் சொன்னால்தான் நிற்கும்.

டூப்ளிகேட் யோசனை

இதை மனதிலிருந்தே எடுத்துவிடுங்கள். உரிமம் அரசு அலுவலகத்தில் இருக்கும்போது ‘தொலைந்துவிட்டது’ என்று கையெழுத்துப் போடுவது பொய் வாக்குமூலம். தகுதி நீக்கத்தில் இருப்பவர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பதே 182-ஆவது பிரிவின்படி குற்றம். அப்படி வாங்கிய உரிமம் செல்லாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. மோசடியாக உரிமம் பெறுவது 19-இன்படி ரத்து செய்யக் காரணம். இன்று மூன்று மாதம், ஆறு மாதம் என்று பேசிக்கொண்டிருக்கும் விஷயம், இந்த ஒரு விண்ணப்பத்தால் நிரந்தர ரத்தாகவும் கிரிமினல் வழக்காகவும் மாறும். புரோக்கர் மேல் ஒன்றும் வராது. விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

பைக், வக்கீல், கோர்ட் நாள்

பைக் ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டியதில்லை. விடுவிக்க மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 503-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்க வேண்டும். வீட்டுக்கு ஓட்டி வர உரிமம் உள்ள ஒருவரைக் கூட்டிப்போக மறக்காதீர்கள்.

வக்கீல் கட்டணம் பாரமென்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். வருமான வரம்புக்குள் இருந்தால் இலவசமாக வழக்கறிஞரை நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சம்மன் தேதிக்குத் தவறாமல் போங்கள். போகாவிட்டால் வாரன்ட் வரும். பத்தாயிரத்தில் முடிய வேண்டியது கைது வரை போவது பெரும்பாலும் இப்படித்தான். ஒப்புக்கொள்வதென்றால் முதல் குற்றம், பிழைப்பு, டூவீலர் வகைக்கு மட்டும் என்ற கோரிக்கை மூன்றையும் எழுதி நீட்டுங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே மனுப் போடுங்கள்; ஆறு மாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

காலம் முடிந்த மறுநாளே சாவியை எடுத்துவிடாதீர்கள். 2019 திருத்தத்தின்படி, ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்துச் சான்று கொடுத்த பிறகுதான் ஆர்.டி.ஓ. உரிமத்தைத் திருப்பித் தருவார். எங்கே, எத்தனை நாள் என்று அலுவலகத்தில் இப்போதே கேட்டு, தகுதி நீக்கக் காலத்துக்குள்ளேயே பயிற்சியை முடித்துவிடுங்கள். கடைசி வாரத்துக்கு ஒத்திவைத்தால் அங்கே ஒரு மாதம் வீணாகும். அட்டை கைக்கு வந்த பிறகும் பரிவாகன் தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு, நிலை ‘ஆக்டிவ்’ என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகத்தில் அட்டையைக் கொடுத்துவிட்டு கணினியில் மாற்ற மறந்துபோவது உண்டு. அது மாறிய பிறகு முதல் டிரிப்பை எடுங்கள்.